ஏரியோலார் திசு ஸ்லைடில் எல்லா நியூக்கிளியஸும் ஒரே மாதிரி தெரிகிறது: எந்தச் செல் எது?

ஊதாத்துளி கேட்டது:

வணக்கம். ஏரியோலார், அதாவது தளர்வான இணைப்புத் திசு பிராக்டிகலுக்குத் தயாராகிறேன். கையில் இருப்பவை தோல், சிறுகுடல், தொப்புள்கொடி ஸ்லைடுகள். மூன்றும் எச்-இ (ஹீமடாக்சிலின்-இயோசின் சாயம்). கூடவே தோலின் பாராஃபின் பிளாக் (மெழுகில் பதித்த திசு) ஒன்றும் இருக்கிறது.

பாடப்புத்தகப் படத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட், மேக்ரோஃபேஜ், மாஸ்ட் செல், பிளாஸ்மா செல், லிம்போசைட், இயோசினோஃபில், கொழுப்புச் செல் என்று எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருக்கிறார்கள். நார்களும் மூன்று நிறத்தில் தனித்தனியாக ஓடுகின்றன. ஸ்லைடில் பார்த்தால் இளஞ்சிவப்புப் பட்டைகள், நடுவே வெள்ளை இடைவெளி, ஆங்காங்கே நீலப் புள்ளிகள். அவ்வளவுதான். 40 எக்ஸ் லென்ஸ் வைத்தும் மாஸ்ட் செல் ஒன்றைக்கூட அடையாளம் காண முடியவில்லை.

பிளாக்கிலிருந்து வெட்டி இரண்டு ஸ்டெயின் போட்டுப் பார்த்தேன். மாஸ்ட் செல்லுக்காக டொலுயிடின் புளூ 1%, தண்ணீரில் கரைத்தது, 10 நிமிடம். பிறகு 70, 90, 100% ஆல்கஹாலில் தலா 2 நிமிடம், சைலீன், கடைசியில் டிபிஎக்ஸ் என்ற மௌண்ட் பசை. முழுவதும் வெளிர் நீலம், ஊதா எங்குமே இல்லை. எலாஸ்டிக் நாருக்காக வெர்ஹாஃப் ஸ்டெயின் 1 மணி நேரம், 2% ஃபெரிக் குளோரைடில் 5 நிமிடம். கடைசியில் ஒரு கறுப்பு நார்கூட மிஞ்சவில்லை, எல்லாம் சாம்பல்.

தவறு பிளாக்கிலா, ஸ்டெயினிலா, என் கண்ணிலா? அந்த வெள்ளை இடைவெளிதான் தளப்பொருளா (செல்களுக்கும் நார்களுக்கும் நடுவே நிரம்பியிருக்கும் பொருள்)?

—

பாராஃபின்மேசை பதில்:

முதலில் அந்தப் புத்தகப் படத்தை நம்புவதை நிறுத்துங்கள். அது ஒரே ஸ்லைடைப் பார்த்து வரைந்தது அல்ல. நாலைந்து ஸ்டெயினில் கிடைத்ததையும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் கிடைத்ததையும் சேர்த்து ஒரே சட்டத்தில் வரைந்திருக்கிறார்கள். எச்-இ-யில் ஹீமடாக்சிலின் நியூக்கிளியஸைப் பிடிக்கும், இயோசின் புரதத்தைப் பிடிக்கும். இரண்டுக்கும் பிடிகொடுக்காதது கண்ணில் படாது.

எனவே எச்-இ-யில் செல்லின் உருவத்தைத் தேடாதீர்கள். நியூக்கிளியஸின் வடிவம், அதன் நிறத்தின் அடர்த்தி, அது செல்லின் நடுவில் இருக்கிறதா ஓரத்திலா, பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற நான்கையும் பாருங்கள். அளவுகோலாகச் சிவப்பணுவை வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அதன் குறுக்களவு 7 மைக்ரானுக்குச் சற்று மேல். பாராஃபின் செக்‌ஷனில் கொஞ்சம் சுருங்கியிருக்கும். அருகில் ஒரு தந்துகி இருந்தால் அளவுகோல் கிடைத்துவிட்டது.

ஃபைப்ரோபிளாஸ்டின் நியூக்கிளியஸ் நீள்வட்டம், வெளிறியது, உள்ளே ஒன்றிரண்டு நியூக்ளியோலஸ் தெரியும். சைட்டோபிளாசத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது மெல்லிசு, கொலாஜனின் சிவப்போடு கலந்துவிடும். ஓய்ந்துபோன ஃபைப்ரோசைட் என்றால் நியூக்கிளியஸ் இன்னும் ஒடுங்கி, அடர்நீலக் கீற்றாக நார்க்கற்றைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும். உங்கள் தோல் ஸ்லைடில் தெரியும் நீலப் புள்ளிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும்தான். ஃபைப்ரோபிளாஸ்ட் மும்முரமாக வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால் ஆறிவரும் புண்ணின் கிரானுலேஷன் திசு ஸ்லைடை எடுங்கள். அங்கே செல் பெரிதாக இருக்கும். புரதம் தயாரிக்கும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் நிறைந்திருப்பதால் சைட்டோபிளாசத்திலும் நீலச்சாயல் வரும்.

இங்கே எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மென்தசையும் எச்-இ-யில் சிவப்புதான். தசையில் நியூக்கிளியஸ் சுருட்டு வடிவில், முனை மழுங்கி, சிவப்புக்கு உள்ளே இருக்கும். கொலாஜனில் நியூக்கிளியஸ் சிவப்புப் பட்டைகளுக்கு வெளியே, இடுக்கில் இருக்கும். சிறு நரம்பு என்றால் நியூக்கிளியஸ்கள் அலை அலையாக நெளிந்து போகும்.

பிளாஸ்மா செல்லைத் தோலில் தேடாதீர்கள். நல்ல தோலில் அது மிக அரிது. சிறுகுடல் ஸ்லைடை எடுத்து, விரலிகளின் உள்ளே எபிதீலியத்துக்கு அடியில் இருக்கும் லேமினா புரோப்ரியாவைப் பாருங்கள், அங்கே மலிவு. முட்டை வடிவச் செல். நியூக்கிளியஸ் ஒரு ஓரத்தில். குரோமாட்டின் கட்டிகள் கடிகார முகத்தின் எண்கள் போல விளிம்பில் நிற்கும். சைட்டோபிளாசம் ஊதா கலந்த நீலம். நியூக்கிளியஸை ஒட்டி ஒரு வெளிறிய பிறை தெரிந்தால் அது கோல்ஜி இருக்கும் இடம். அந்தப் பிறையைப் பார்த்துவிட்டால் பிறகு லிம்போசைட்டோடு குழப்பம் வராது. லிம்போசைட்டில் கிட்டத்தட்ட நியூக்கிளியஸ் மட்டும்தான்: உருண்டை, அடர்நீலம், சிவப்பணு அளவு, சுற்றிலும் நூலிழை போலச் சைட்டோபிளாசம்.

அதே லேமினா புரோப்ரியாவில் இயோசினோஃபிலும் இருக்கும். எச்-இ-யிலேயே துகள்களைக் காட்டிக்கொடுக்கும் ஒரே நல்ல மனிதர் அவர்தான். இரண்டு மடல் நியூக்கிளியஸ், செங்கல் நிறத்தில் பளபளக்கும் துகள்கள்.

மேக்ரோஃபேஜ்தான் தொல்லை. அவரைவிதை வடிவ நியூக்கிளியஸ் என்று எழுதியிருப்பார்கள். வெட்டு எந்தக் கோணத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து அது நீள்வட்டமாகவும் தெரியும். அப்போது ஃபைப்ரோபிளாஸ்ட் என்று தோன்றும். எதையாவது விழுங்கியிருந்தால்தான் எச்-இ-யில் அதை உறுதியாகச் சொல்லலாம். நுரையீரல் வாயிலில் உள்ள நிணநீர்க் கணுவின் ஸ்லைடு கிடைத்தால் பாருங்கள், கரித்துகள் நிறைந்த மேக்ரோஃபேஜ்கள் கும்பலாகக் கிடக்கும். மற்றபடி மேக்ரோஃபேஜை அடையாளம் காட்டும் சி.டி. 68 ஆண்டிபாடி போட்டால்தான் தெளிவு.

கொழுப்புச் செல் வெறும் வளையமாகத் தெரியும், நியூக்கிளியஸ் ஒரு பக்கம் ஒதுங்கி மோதிரக் கல் போல. உள்ளிருந்த கொழுப்பை ஆல்கஹாலும் சைலீனும் கொண்டுபோய்விட்டன. கொழுப்பே வேண்டும் என்றால் பாராஃபின் பக்கம் போகாமல் உறைய வைத்து வெட்டி ஆயில் ரெட் ஓ போட வேண்டும்.

மாஸ்ட் செல் எச்-இ-யில் சிறு ரத்தக்குழாயை ஒட்டி, நடுவில் உருண்டை நியூக்கிளியஸோடு, சாம்பல் கலந்த மங்கலான செல்லாகத் தெரியும். பழகிய கண்ணுக்கே சந்தேகம் வரும். உங்கள் கண்ணைக் குறை சொல்லாதீர்கள். டொலுயிடின் புளூ பற்றி வேறு யாராவது விரிவாக எழுதுவார்கள்.

—

நீலம்_சிவப்பு பதில்:

டொலுயிடின் புளூவை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் முறையில் இரண்டு ஓட்டை: ஒன்று பி.எச்., மற்றது ஆல்கஹால்.

இந்தச் சாயம் நீலம்தான். மாஸ்ட் செல்லின் துகளில் இருக்கும் ஹெபாரினில் சல்ஃபேட் நெருக்கமாக இருக்கிறது. அதாவது எதிர்மின் சுமைகள் அடுத்தடுத்து. சாய மூலக்கூறுகள் அந்தச் சுமைகளின் மேல் ஒன்றை ஒன்று ஒட்டி அடுக்காக உட்காரும்போது உறிஞ்சும் ஒளி மாறிவிடுகிறது. நீலம் செவ்வூதாவாகத் தெரிகிறது. மெட்டாகுரோமேசியா என்பது இதுதான். 1870-களின் கடைசியில் பால் எர்லிக் இந்தச் செல்லுக்குப் பெயர் வைத்ததே அனிலின் சாயங்களில் இந்த நிற மாற்றத்தைப் பார்த்துத்தான்.

சாதாரண தண்ணீரில் கரைத்தால் பி.எச். எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. 4, 5-க்கு மேல் போனால் கார்பாக்சில், நியூக்ளிக் அமிலத்தின் பாஸ்பேட் என்று கண்டதெல்லாம் சாயத்தை இழுக்கும், பின்னணி முழுக்க நீலமாகும். 2.5-க்குக் கீழே கொண்டுவந்தால் கார்பாக்சில் பெரும்பாலும் தன் சுமையை இழந்துவிடும், சல்ஃபேட் உறுதியாக நிற்கும்.

கரைசல் இப்படி: டொலுயிடின் புளூ ஓ 1 கிராம், 70% ஆல்கஹால் 100 மி.லி. இது ஸ்டாக், மாதக்கணக்கில் இருக்கும். 1% சோடியம் குளோரைடு 50 மி.லி. தயாரித்து, கிளேசியல் அசிட்டிக் அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 2.0 முதல் 2.5-க்குள் வையுங்கள். ஸ்டாக்கில் 5 மி.லி.யும் இந்த உப்புக் கரைசலில் 45 மி.லி.யும் கலந்தால் வேலைக் கரைசல். கலந்த பிறகு பி.எச்.-ஐ இன்னொரு முறை பாருங்கள், 2.3 அளவில் இருந்தால் நல்லது. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். மறுநாள் எடுத்தால் ஊதா சரியாக வராது.

செக்‌ஷனை மெழுகு நீக்கித் தண்ணீருக்குக் கொண்டுவந்து 2 முதல் 3 நிமிடம் மட்டும் சாயத்தில் வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசுங்கள். இந்த இடத்திலேயே ஈரத்தோடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். ஊதா இருக்கிறதா இல்லையா என்பது இங்கே தெரிந்துவிடும். பின்னால் காணாமல் போனால் ஆல்கஹால் தின்றது என்று அர்த்தம்.

அடுக்கி நிற்கும் சாய மூலக்கூறுகளை ஆல்கஹால் கலைக்கும், சாயத்தையும் கழுவி எடுக்கும். நீங்கள் மொத்தம் 6 நிமிடம் ஊற வைத்திருக்கிறீர்கள், ஒன்றும் மிஞ்சாது. 95%-இல் 10 முக்கு, 100%-இல் 10 முக்கு, இன்னொரு 100%-இல் 10 முக்கு, நேராகச் சைலீன். சிலர் ஆல்கஹாலே வேண்டாம் என்று அலசிய ஸ்லைடைக் காற்றில் நன்றாக உலர்த்திச் சைலீனில் தோய்த்து மௌண்ட் செய்கிறார்கள். அதுவும் சரியாக வரும்.

கண்ட்ரோலாக (சாயம் சரியா என்று ஒப்பிட) குருத்தெலும்பு உள்ள ஸ்லைடு ஒன்றை அதே ஜாடியில் போடுங்கள். அதன் மேட்ரிக்ஸில் காண்ட்ராய்டின் சல்ஃபேட் நிறைய. அது ஊதாவாகி, தோலில் ஊதா வரவில்லை என்றால் சாயம் சரி, திசுவில்தான் கோளாறு.

திசுவில் என்ன கோளாறு வரலாம் என்றால், எடுக்கும்போது ஃபோர்செப்ஸால் அழுத்தியிருந்தால் மாஸ்ட் செல் துகள்களைக் கொட்டிவிடும். செல்லைச் சுற்றி ஊதாப் பொடி தூவியது போல இருக்கும், செல் காலியாக இருக்கும். குடலின் சளிப்படல மாஸ்ட் செல்கள் ஃபார்மலினில் தம் சாயப் பிடிப்பை இழக்கக்கூடியவை. அவற்றைப் பதப்படுத்த ஃபார்மலினுக்குப் பதில் கார்னாய் கரைசல் நல்லது: 100% ஆல்கஹால் 60, குளோரோஃபார்ம் 30, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 10 பங்கு. தோலின் மாஸ்ட் செல்லுக்கு ஃபார்மலின் போதும். உங்கள் பிளாக் தோல் என்பதால் அந்தக் கவலை இல்லை. பயந்து திசுவை மாற்ற வேண்டாம்.

தோலில் எங்கே தேடுவது? எபிடெர்மிஸுக்குச் சற்றுக் கீழே, பாப்பில்லரி டெர்மிஸின் (உட்தோலின் மேலடுக்கு) சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி, பிறகு மயிர்க்கால், வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றி. கீழே ரெட்டிகுலர் டெர்மிஸின் தடித்த கற்றைகளுக்குள் தேடினால் ஏமாற்றம்தான்.

—

ஊதாத்துளி:

நீலம்_சிவப்பு, மிக்க நன்றி. ஈரத்தோடு பார்க்கலாம் என்பதே தெரியாது. வெர்ஹாஃபுக்கும் ஆல்கஹால்தான் காரணமா? ரெட்டிகுலின் நாரைத் தனியாகப் பார்க்க வழி உண்டா? எச்-இ-யில் அதுவும் வெறும் சிவப்புதானே.

—

வெள்ளிக்கம்பி பதில்:

வெர்ஹாஃபில் ஆல்கஹால் காரணமல்ல. 5 நிமிடம் நிறம் இறக்கியதுதான்.

இந்த ஸ்டெயினே தலைகீழ் வழி. முதலில் எல்லாவற்றையும் கறுப்பாக்கி, பிறகு வேண்டாததிலிருந்து கறுப்பைப் பிடுங்குகிறோம். எலாஸ்டின் சாயத்தை இறுக்கிப் பிடித்திருப்பதால் கடைசியில்தான் விடும். கடிகாரத்தைப் பார்த்து நிறம் இறக்கினால் இப்படித்தான் ஆகும். 2% ஃபெரிக் குளோரைடில் சாதாரணமாக 1, 2 நிமிடம். ஆனால் 15 நொடிக்கு ஒரு முறை தண்ணீரில் முக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நார் கறுப்பு, பின்னணி சாம்பல் என்ற நிலையில் நிறுத்துங்கள். பின்னணி இன்னும் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறதே என்று தோன்றும்போதே நிறுத்துவது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் வான் கீசன் சாயத்தில் உள்ள பிக்ரிக் அமிலமும் கொஞ்சம் கறுப்பை எடுக்கும். அதிகமாக இறங்கிவிட்டது என்று அங்கேயே தெரிந்தால் கழுவித் திரும்ப வெர்ஹாஃபில் போடலாம். ஆல்கஹாலுக்குப் போன பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

கரைசல்: 5% ஆல்கஹால் ஹீமடாக்சிலின் 20 மி.லி., 10% ஃபெரிக் குளோரைடு 8 மி.லி., அயோடின் கரைசல் 8 மி.லி. (100 மி.லி. தண்ணீரில் பொட்டாசியம் அயோடைடு 2 கிராம், அயோடின் 1 கிராம்). இதே வரிசையில், ஒவ்வொன்றையும் ஊற்றிக் கலக்கிய பிறகு அடுத்தது. போடுவதற்குச் சற்று முன்னால்தான் கலக்க வேண்டும். 1 மணி நேரம் கழித்து ஸ்லைடைத் தூக்கினால் செக்‌ஷன் கரிக்கட்டை மாதிரி இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் ஏதோ ஒரு கரைசல் பழசு. அதோடு மேலே போகாதீர்கள்.

நிறம் இறக்கியதும் 5% சோடியம் தயோசல்ஃபேட்டில் 1 நிமிடம். தங்கிய அயோடினை எடுக்கத்தான் இது. விட்டுவிட்டால் எல்லாம் மஞ்சள் சேறு பூசியது போலிருக்கும். குழாய் நீரில் 5 நிமிடம். பிறகு வான் கீசன் 3 முதல் 5 நிமிடம்: நிறைகரைசல் பிக்ரிக் அமிலம் 100 மி.லி., 1% ஆசிட் ஃபியூக்சின் 5 மி.லி. அதன் பிறகு தண்ணீர் படக் கூடாது, மஞ்சள் கரைந்து ஓடிவிடும். நேராக 95% ஆல்கஹாலில் வேகமாக. வந்தால் எலாஸ்டின் கறுப்பு, கொலாஜன் சிவப்பு, தசை மஞ்சள். பிக்ரிக் அமிலப் புட்டியை உலர விடாதீர்கள். உலர்ந்த பிக்ரிக் அமிலம் வெடிமருந்து. மூடியின் திருகில் மஞ்சள் படிகம் காய்ந்திருந்தால் திறக்க முயலாமல் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.

தோலின் எலாஸ்டிக் நார் மெல்லிசு. பெருந்தமனிக்குப் போடும் கணக்கில் நிறம் இறக்கினால் முதலில் போவது அதுதான். எனவே ரத்தநாளத்தைக் கண்ட்ரோலாக வைத்தாலும் கண் தோலின் மேல் இருக்கட்டும். பிளாக் வயதானவருடையதா, வெயில் படும் இடமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் பட்ட முகத்தோலில் சிதைந்த எலாஸ்டின் கட்டி கட்டியாகக் குவிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஸ்டெயின் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

எச்-இ-யிலேயே எலாஸ்டினை ஓரளவு பார்க்க ஒரு தந்திரம்: தசைத் தமனியை எடுத்துக் கண்டென்சரின் துவாரத்தைக் கொஞ்சம் மூடுங்கள். குழியை ஒட்டி நெளிநெளியாக, கண்ணாடி போல மின்னும் இளஞ்சிவப்புக் கோடு தெரியும். அது உள் எலாஸ்டிக் படலம்.

இனி ரெட்டிகுலின். இது புது வகைப் பொருள் இல்லை, மூன்றாம் வகைக் கொலாஜன்தான். மெல்லிய நுண்நார், கற்றையாகத் தடிக்காது, மேலே சர்க்கரை ஒட்டிக்கொண்டிருப்பது அதிகம். அதனால்தான் சர்க்கரையைக் காட்டும் பி.ஏ.எஸ். ஸ்டெயினில் மெஜந்தாவாகிறது, வெள்ளியையும் இழுக்கிறது. பார்க்க வேண்டிய இடம் தோல் அல்ல. ஈரல், மண்ணீரல், நிணநீர்க் கணு.

கார்டன்-ஸ்வீட்ஸ் முறையில் வெள்ளிக் கரைசல்: 10% சில்வர் நைட்ரேட் 5 மி.லி.யில் அடர் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பழுப்பு வீழ்படிவு வந்து பிறகு கரையும், கரைந்த நொடியில் நிறுத்த வேண்டும். 3% சோடியம் ஹைட்ராக்சைடு 5 மி.லி. சேர்த்தால் மறுபடி வீழ்படிவு வரும். அம்மோனியா விட்டு மறுபடி கரைத்து, காய்ச்சி வடித்த நீரால் 50 மி.லி. ஆக்குங்கள். ஒரு சில துகள் கரையாமல் நின்றாலும் பரவாயில்லை, அம்மோனியா மிகையானால்தான் கெடும். அப்போது நார் சாயம் பிடிக்காது. குறைவானால் பின்னணியெங்கும் கறுப்பு மணல்.

செக்‌ஷனுக்கு முதலில் அமிலம் சேர்த்த பொட்டாசியம் பர்மாங்கனேட் 5 நிமிடம், 1% ஆக்ஸாலிக் அமிலத்தில் வெளுக்கும் வரை, அலசல், 2.5% அயர்ன் ஆலம் 15 நிமிடம், காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசல், வெள்ளிக் கரைசலில் 10, 15 நொடி, ஒரே ஒரு விரைவான அலசல், 10% ஃபார்மலின் 2 நிமிடம். இப்போது நார் கறுப்பாகும், தடித்த கொலாஜன் பழுப்பாக நிற்கும். 0.2% கோல்டு குளோரைடில் 1, 2 நிமிடம் போட்டால் பழுப்பு சாம்பலாகி நார் எடுப்பாகத் தெரியும். 5% தயோசல்ஃபேட் 3 நிமிடம், கழுவி மௌண்ட்.

வெள்ளிக்கும் ஃபார்மலினுக்கும் நடுவே அதிகமாகக் கழுவுவதுதான் இதில் வழக்கமான தப்பு. நாரின் மேல் உட்கார்ந்த வெள்ளியே போய்விடும். இரண்டாவது தப்பு, பாத்திரத்தில் குழாய் நீரின் குளோரைடு மிச்சம். மூன்றாவது, பூச்சில்லாத ஸ்லைடு. பர்மாங்கனேட்டிலோ காரத்திலோ செக்‌ஷன் கழன்று மிதக்கும்.

இது எச்சரிக்கை: அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மீதம் வைக்கக் கூடாது. நின்றாலோ காய்ந்தாலோ வெடிக்கும் சேர்மம் உண்டாகும். வேலை முடிந்ததும் சோடியம் குளோரைடு கரைசலையோ நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ ஊற்றி வெள்ளியை வீழ்படிவாக்கிய பிறகுதான் அப்புறப்படுத்த வேண்டும். உலோக ஃபோர்செப்ஸும் கரைசலில் படக் கூடாது.

வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொலாஜனின் 67 நானோமீட்டர் குறுக்குக் கோடுகள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே தெரியும். ஸ்லைடில் தெரிகிறது என்று வாய் தவறிச் சொல்லாதீர்கள்.

—

தளப்பொருள்வாதி பதில்:

வெள்ளை இடைவெளி பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. அதில் பாதி தளப்பொருள் இருந்த இடம், பாதி நாம் உண்டாக்கியது.

தளப்பொருள் என்பது நீரைப் பிடித்து வைத்திருக்கும் களி. ஹயலுரோனன், புரோட்டியோகிளைக்கான்கள், ஃபைப்ரோனெக்டின் போன்ற ஒட்டுப் புரதங்கள். இதில் ஹயலுரோனன் மட்டும் தனி ரகம்: சல்ஃபேட் கிடையாது, புரதத் தண்டில் கோத்ததும் அல்ல, கோல்ஜியில் உருவாகாமல் செல் சவ்வில் வைத்தே தயாராகி வெளியே தள்ளப்படுகிறது. நீரில் கரைவதால் ஃபார்மலினிலேயே கொஞ்சம் போகும். பிறகு ஆல்கஹால் நீரை எடுத்ததும் மீதி சுருங்கி நாரின் மேல் ஒட்டிக்கொள்ளும். காலியாகத் தெரிவது அந்த இடம்.

டெர்மிஸில் தடித்த கற்றைகளுக்கு நடுவே, விளிம்பு கூர்மையாக, இரு பக்கமும் பொருத்தினால் சேர்ந்துவிடும் போல இருக்கும் வெடிப்புகள் திசு சுருங்கியதால் வந்தவை. அதைப் போய் தளப்பொருள் என்று குறிக்காதீர்கள். விளிம்பு மங்கலாக, உள்ளே மெல்லிய நூல்களோடு விரிந்த இடம்தான் உண்மையான தளர்வான பகுதி.

தளப்பொருளைப் பார்க்க உங்களிடமே சரியான திசு இருக்கிறது: தொப்புள்கொடி. வார்ட்டன் ஜெல்லி முழுக்க அதுதான். அல்சியன் புளூ 1 கிராம், 3% அசிட்டிக் அமிலம் 100 மி.லி., பி.எச். 2.5, 30 நிமிடம். நீல வயலில் நட்சத்திர வடிவ ஃபைப்ரோபிளாஸ்ட்கள் தெரியும். பின்னணிக்கு நியூக்ளியர் ஃபாஸ்ட் ரெட் 5 நிமிடம்.

ஆனால் நீலம் வந்ததெல்லாம் ஹயலுரோனன் என்று எழுதிவிடாதீர்கள். பி.எச். 2.5-இல் கார்பாக்சிலும் சல்ஃபேட்டும் சேர்ந்தே சாயம் ஏற்கும். அடுத்த செக்‌ஷனை 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த அல்சியன் புளூவில், அதாவது பி.எச். 1.0-இல் போடுங்கள். அங்கே சல்ஃபேட் மட்டும். 2.5-இல் வந்து 1.0-இல் வராத நீலம்தான் ஹயலுரோனனாக இருக்க வாய்ப்பு. பி.எச். 1.0 ஸ்லைடைச் சாயத்திலிருந்து எடுத்ததும் தண்ணீரில் கழுவாமல் வடிதாளால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் பட்டால் பி.எச். ஏறி, 2.5-க்குரிய இடங்களும் நீலமாகிவிடும், ஒப்பீடே வீண்.

நொதி வைத்துச் சோதிப்பவர்களும் ஏமாறுவதுண்டு. மாட்டு விந்தகத்திலிருந்து எடுக்கும் ஹயலுரோனிடேஸ் காண்ட்ராய்டின் சல்ஃபேட்டையும் அறுக்கும். ஹயலுரோனனை மட்டும் அறுக்க வேண்டுமானால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவின் நொதி வேண்டும்.

பாராஃபின்மேசை சொன்னதில் ஒரு சிறு திருத்தம். ஆறிவரும் புண்ணில் தெரியும் எல்லாம் சாதாரண ஃபைப்ரோபிளாஸ்ட் அல்ல. புண்ணைச் சுருக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்களும் நிறைய இருக்கும். எச்-இ-யில் இரண்டையும் பிரிப்பது கடினம், ஆல்ஃபா மென்தசை ஆக்டின் ஆண்டிபாடிதான் பிரிக்கும். அந்த ஸ்லைடில் ‘ஃபைப்ரோபிளாஸ்ட்’ என்று சுட்டும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

—

பாராஃபின்மேசை:

ஒப்புக்கொள்கிறேன். மயோஃபைப்ரோபிளாஸ்ட்டை விட்டது என் கவனக்குறைவு.

—

ஊதாத்துளி:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. தோல் பிளாக்கில் திசு கொஞ்சம்தான் மிச்சம். ஐந்து, ஆறு செக்‌ஷனுக்கு மேல் வராது. எந்த வரிசையில் செலவழிப்பது?

—

வெள்ளிக்கம்பி:

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டிவிடுங்கள். பிளாக்கை ஒவ்வொரு முறையும் மாட்டும்போது சீர் செய்வதிலேயே பாதித் திசு போகும். 4 மைக்ரான், அடுத்தடுத்த செக்‌ஷன்கள், பூச்சுள்ள ஸ்லைடில். வெட்டிய வரிசை எண்ணை ஸ்லைடின் சொரசொரப்பான முனையில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை சைலீனில் போய்விடும். முதலாவது எச்-இ. இரண்டாவது டொலுயிடின் புளூ, மூன்றாவது வெர்ஹாஃப். எச்-இ-யில் சந்தேகப்பட்ட மங்கலான செல் இரண்டாவது ஸ்லைடில் அதே ரத்தக்குழாயின் பக்கத்தில் ஊதாவாக வருகிறதா என்று பொருத்திப் பார்க்கலாம். நான்காவதையும் ஐந்தாவதையும் தொடாமல் வையுங்கள், வெர்ஹாஃப் மறுபடி கெட்டால் தேவைப்படும். ரெட்டிகுலினுக்கும் அல்சியன் புளூவுக்கும் தோலைச் செலவழிக்க வேண்டாம். அவற்றுக்கு ஈரலும் தொப்புள்கொடியும் இருக்கின்றன.

கோல்டு குளோரைடைப் போட்டு முடித்ததும் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். வடிகட்டிப் பழுப்புப் புட்டியில் வைத்தால் பலமுறை வரும். விலையும் அப்படி.